தீட்டு: இரும்புக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று

பெயிண்டுக்கும் தலித் விடுதலைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று இதைப் படிக்கத் தொடங்குகிற தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. அணை மதகு, துறைமுகத் தூண், கடற்பாலம், படகுத்துறை என்று தண்ணீரில் நிற்கிற இரும்பு எதுவானாலும் துருப்பிடிக்காமல் இருக்க அதற்கு ஒரு பூச்சு வேண்டும். பூசுவதற்கு ஒரு கை வேண்டும். பூசுவதற்கு முன்னால் பழைய பூச்சைச் சுரண்டிப் போட ஒரு ஆள் வேண்டும். சுரண்டுகிற தூசியை இழுத்துக்கொள்ள அந்த ஆளுக்கு ஒரு மூக்கும் நுரையீரலும் இருந்தாக வேண்டும். அந்தக் கையும் மூக்கும் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

இப்போது உலகம் முழுக்க 'சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத பூச்சு' என்று ஒரு பேச்சு நடக்கிறது. நல்ல பேச்சுதான். நான் கேட்க விரும்புவது ஒரே ஒரு கேள்வி. கேடில்லாதது என்றால் யாருக்குக் கேடில்லாதது? யாரிடமிருந்து எண்ணத் தொடங்குகிறோம்? வேதியியல்காரர் மட்டும் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. இது அறம் சம்பந்தப்பட்ட கேள்வி. நம் நாட்டில் அறம் சம்பந்தப்பட்ட எந்தக் கேள்வியும் சாதியைத் தொடாமல் போவதில்லை.

நான் ஜவ்வாது மலையிலிருந்து எழுதுகிறேன். மலையடிவாரத்துச் சேரியில் பிறந்தவன். கடல் இங்கிருந்து வெகுதூரம். ஆனால் தண்ணீர் இங்கேதான் பிறக்கிறது. செய்யாறும் கமண்டல நாகநதியும் இந்த மலையின் பிள்ளைகள். படவேட்டுக்கு மேலே செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. உயரம் 62.32 அடி, கொள்ளளவு 287.20 மில்லியன் கன அடி. அணை கட்டியும் ஷட்டர்கள் ஒழுங்காக இயங்காததால் பல வருசம் முழு அளவுக்குத் தண்ணீர் தேக்க முடியாமல் கிடந்தது. பிறகுதான் சீர்படுத்தினார்கள். தெற்கே தென்பெண்ணையில் 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணை, 119 அடி. அங்கேயும் பழைய ஷட்டர்களை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டுகிற வேலை நடந்தபோது முழு உயரத்துக்குத் தேக்க முடியவில்லை. அணை என்றால் கல்லும் சிமெண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். தண்ணீரை நிறுத்துவதும் விடுவதும் அந்த இரும்புக் கதவுதான். கதவு கெட்டால் அணை வெறும் சுவர்.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது? பூமிக்குள் இருக்கும்போது இரும்பு துருவாகத்தான் இருக்கிறது. தாதுவை உலையில் போட்டு, கரியைக் கொட்டி, அதிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கித்தான் இரும்பு எடுக்கிறோம். காற்றும் தண்ணீரும் பட்டால் அது பழையபடி ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கிறது. உப்பு இருந்தால் வேலை இன்னும் சுருக்காக நடக்கும். முழுக்க முழுகிக் கிடக்கிற இரும்பை விட, நனைவதும் காய்வதுமாக மாறி மாறி நிற்கிற இடம்தான் சீக்கிரம் கெடும். கடலில் அது அலையடிக்கிற மட்டம். அணையில் தண்ணீர் ஏறி இறங்குகிற மட்டம்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய சாட்சி பாம்பன் பாலம். 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பழைய ரயில் பாலம் நூறு வருசத்துக்கு மேல் உப்புக்காற்றோடு சண்டை போட்டது. 1964 டிசம்பர் புயலைத் தாண்டி நின்றது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே கட்டிய புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. அதற்குப் பாலிசிலாக்சேன் என்கிற புதுவகைப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அந்தக் கடற்கரையிலேயே, மண்டபத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் அரிமானச் சோதனை மையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறந்த ஆய்வகம் அது. இரும்பின் உடம்பு எப்படிக் கெடுகிறது என்று ஆராய நம் மாநிலத்தில் எழுபது வருசத்துக்கு மேலாக ஒரு நிறுவனம் இருக்கிறது. இருக்கட்டும், வேண்டியதுதான். இரும்பைத் தொடுகிறவன் உடம்பு எப்படிக் கெடுகிறது என்று பார்க்க யார் இருக்கிறார்கள்?

பூச்சுகளின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். நூறு வருசத்துக்கு மேல் இரும்புக்கு முதல் பூச்சு சிவப்பு ஈயம். ஆளி விதை எண்ணெயில் குழைத்து அடிப்பது. துருவை நன்றாகத் தடுக்கும். ஈயம் ரத்தத்தில் ஏறினால் குடலை முறுக்கும், மணிக்கட்டைத் தொங்கவிடும், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். அடுத்து வந்தது ஜிங்க் குரோமேட். இன்றும் நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் ரெட் ஆக்சைடு ஜிங்க் குரோமேட் பிரைமர் என்ற பெயரைக் கேட்கலாம். இதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். மூக்கின் நடுச்சுவரை ஓட்டை போடும், கையில் ஆறாத புண் வைக்கும், நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். மூன்றாவது கோல்டார் எபாக்சி. நிலக்கரித் தாரும் எபாக்சியும் கலந்த கறுப்புப் பூச்சு. தண்ணீருக்குள் கிடக்கிற இரும்புக்கு இதைப்போல மலிவாகவும் கெட்டியாகவும் காப்புத் தருவது கிடையாது என்று இஞ்சினியர்கள் சொல்வார்கள். மதகு வேலை டெண்டர்களில் வழக்கமாக வருகிற வரி இதுதான்: முதலில் ஜிங்க் சிலிகேட் 70 மைக்ரான், அதன்மேல் கோல்டார் எபாக்சி இரண்டு கோட்டு, ஒவ்வொன்றும் 150 மைக்ரான், மொத்தம் 350 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மயிர் கனத்துக்கு இரும்புக்கு ஒரு சட்டை.

நிலக்கரித் தார் புற்றுநோய் தரும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த சேதியா? 1775-லேயே லண்டன் வைத்தியர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்த ஏழைப் பையன்களுக்கு விதைப்பையில் வருகிற புற்றுநோய்க்குக் கரிப்புகைதான் காரணம் என்று எழுதினார். 1915-ல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பத் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். தெரிந்த பிறகும் அது இத்தனை காலம் வாளியில் ஊற்றிக் கொடுக்கப்பட்டது. தெரியாமல் நடந்தது என்று ஒரு வார்த்தை யாரும் சொல்ல முடியாது. யார் கையில் அந்த வாளி போகும் என்பது தெரிந்ததால்தான் அந்த அறிவு நூறு வருசம் சும்மா கிடந்தது.

எங்க பெரியப்பா 1980-களில் காண்டிராக்டர் கூட்டத்தோடு ஷட்டர் வேலைக்குப் போனவர். எந்த அணை, எந்தக் காண்டிராக்டர் என்பது இங்கே முக்கியமில்லை. கோடையில் தண்ணீர் இறங்கின பிறகுதான் வேலை. எங்கள் சேரியிலிருந்து எட்டுப் பேர், மலைமேலிருந்து மலையாளிப் பழங்குடி ஆட்கள் நாலைந்து பேர். கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டிப் பலகை தொங்கவிட்டு அதில் உட்கார்ந்துகொண்டு சிப்பிங் சுத்தியலால் பழைய பெயிண்டைத் தட்டுவார்கள். அப்புறம் ஒயர் பிரஷ். அப்புறம் எமரி பேப்பர். செம்மண் மாதிரி தூசி பறக்கும். வாயில் துண்டு கட்டிக்கொள்வார்கள். சாயங்காலம் துண்டை உதறினால் சிவப்பாகக் கொட்டும். சுரண்டி முடித்ததும் பிரைமர், அதன்மேல் கறுப்பு. கறுப்பு கையில் ஒட்டினால் சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய் விட்டுத்தான் துடைக்க வேண்டும். அதே கையோடு கூழ் குடிப்பது. கறுப்புப் பட்ட இடத்தில் வெய்யில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும் என்பார். ராத்திரி ஈரத்துணி போட்டுக்கொண்டு படுப்பார்களாம். தார் பட்ட தோல் வெய்யிலில் பொசுங்கும் என்பது மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற விசயம்தான். அவருக்கு அதைச் சொன்ன ஆள் கிடையாது. நாளுக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள், தூசி இறங்கிவிடும் என்று. நுரையீரலுக்குப் போன தூசியை வயிற்றுக்குப் போகிற வெல்லம் எப்படி இறக்கும்?

பெரியப்பா வாய்த்துடுக்கான ஆள். ஒருநாள் சூப்பர்வைசர் மைக்ரான் மீட்டரைக் கதவில் வைத்துப் பூச்சின் கனம் அளந்துகொண்டிருந்தாராம். இவர் கேட்டிருக்கிறார்: "சார், இரும்புக்கு மூணு கோட்டு போட்டு அளந்து அளந்து பாக்கறீங்க. எங்களுக்கு ஒரு கோட்டுத் துணி குடுத்தா இன்னா சார்?" அதற்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "உனுக்கு எதுக்குப்பா? உங்க ஒடம்புதான் இரும்பாச்சே."

இந்தப் பதிலைப் பெரியப்பா சாகும் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. இதில் ஒரு முழுத் தத்துவமே இருக்கிறது. சேரிக்காரன் உடம்பு இரும்பு. வெய்யில் தாங்கும், விசம் தாங்கும், மலக்குழி தாங்கும். பாராட்டு மாதிரி தெரிகிற இந்தச் சொல், காப்புக் கொடுக்க வேண்டிய கடமையிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த சொல். சரி, எங்கள் உடம்பு இரும்பு என்றே வைத்துக்கொள்வோம். இரும்புக்கு நீங்கள் 350 மைக்ரான் பூசுகிறீர்களே! நிஜமாகவே இரும்பாக நினைத்திருந்தால் எங்களையும் அளந்திருப்பீர்கள். இரும்பை விடக் கீழாக நினைத்ததால்தான் அளக்கவில்லை.

பின்னால் அவருக்கு வயிறு முறுக்கி முறுக்கி வலித்தது. கை நடுங்கியது. ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பியா?" அவர் குடிக்கிறவர் இல்லை. சீட்டில் எழுதியது குடிதான். 1700-ல் இத்தாலியில் ரமஸ்ஸினி என்ற வைத்தியர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வைத்தியர் கேட்கிற கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்க்க வேண்டும் என்று அதில் சொன்னார். நம் நாட்டில் இந்தக் கேள்வியைக் காலகாலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொழிலைக் கேட்பது சாதியைத் தெரிந்துகொள்ள. நோயைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் மட்டும் அதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். அவருக்கு வந்தது ஈயத்தால்தான் என்று நான் நிரூபிக்க முடியாது. ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. சோதிக்காமல் விட்டதும் ஒரு ஏற்பாடுதான். சோதனை இல்லாத இடத்தில் சாட்சி இல்லை, சாட்சி இல்லாத இடத்தில் குற்றம் இல்லை.

தமிழில் ஒரு சொல் இருக்கிறது, தீட்டு. வர்ணம் தீட்டுவதும் தீட்டுதான். ஒதுக்கி வைக்கச் சொல்கிறதும் தீட்டுதான். இரும்பின்மேல் தீட்டினால் அது காப்பு. எங்கள்மேல் சுமத்தினால் அது தீண்டாமை. ஒருவன் அழுக்கைத் தொட்டு வேலை செய்கிறான், அதனால் இன்னொருவனின் உலகம் சுத்தமாக இருக்கிறது. சுத்தமானவன் திரும்பி வந்து, தொட்டவனைப் பார்த்து நீதான் அழுக்கு என்கிறான். சாதியச் சிந்தனையின் முழுத் தந்திரமும் இதுதான். அழுக்கை உண்டாக்கியவன் பெயரை மறைத்து, அள்ளியவன் பெயரை அழுக்காக்குவது.

வேதியியல் சொல்கிற தீட்டு வேறு. அது பொய் சொல்லாது, சாதி பார்க்காது. ஆனால் பள்ளம் பார்த்து ஓடும். பள்ளத்தில் யாரைக் குடிவைத்தீர்களோ அங்கே போய்த் தேங்கும். எங்கள் மலைக்கு வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் கம்பெனி, தோலுக்கு வேண்டிய குரோம் உப்பும் சோடியம் டைகுரோமேட்டும் செய்தது. 1990-களின் நடுவில் மூடிவிட்டுப் போனார்கள். இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவியலாகக் கிடந்தது. மழை பெய்தால் நிலத்தடி நீரில் மஞ்சளாக இறங்கியது. 2006-ல் ஒரு சர்வதேச அமைப்பு உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. இரும்புக்கு அடிக்கிற குரோமேட் பிரைமருக்கும் மூலப்பொருள் இந்த டைகுரோமேட்தான். தோலும் இரும்பும் வேறு வேறு சரக்கு, விசத்தின் ஊற்று ஒன்று. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் இரண்டு கொள்கைகளை நாட்டின் சட்டமாக ஏற்றது. கெடுத்தவன் செலவு கொடுக்க வேண்டும். கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திருக்காமல் தடுக்க வேண்டும். தண்ணீருக்குச் சொன்ன இந்த இரண்டாவது கொள்கையை எங்கள் நுரையீரலுக்கும் சொல்லக் கூடாதா?

இனி கேடில்லாத பூச்சுகளுக்கு வருவோம். குரோமேட்டுக்குப் பதிலாக ஜிங்க் பாஸ்பேட் வந்திருக்கிறது. தின்னர் இல்லாத எபாக்சி, தண்ணீரில் கரைத்து அடிக்கிற பூச்சு, உருக்கித் தெளிக்கிற துத்தநாகம், அலுமினியம், பாம்பனில் அடித்த பாலிசிலாக்சேன், இப்படிப் பல. கோல்டார் இல்லாமலே தண்ணீருக்குள் நிற்கிற எபாக்சி கிடைக்கிறது. இவற்றை நான் வரவேற்கிறேன். விஞ்ஞானத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. சேரி இளைஞர்கள் இந்த வேதியியலைப் படிக்க வேண்டும், மண்டபத்துச் சோதனை மையத்தில் விஞ்ஞானியாக உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான்.

ஆனால் இந்த மாற்றங்கள் யாருக்காக, எந்த வரிசையில் வந்தன என்று பாருங்கள். கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க டிரைபியூட்டைல் டின் என்ற பூச்சை அடித்தார்கள். பிரான்சில் ஆர்க்கஷோன் விரிகுடாவில் ஆளிச் சிப்பிகள் வளராமல் கெட்டுப்போயின. சிப்பி விற்கிற முதலாளிகளுக்கு நட்டம். 1982-ல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. 2001-ல் உலக ஒப்பந்தம் உருவாகி 2008-ல் அமலுக்கு வந்தது. சிப்பிக்காகச் சட்டம் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, சிப்பியும் உயிர்தான். இந்தியாவில் 2016-ல் ஈயத்துக்கு விதி கொண்டுவந்து, 2017 நவம்பர் முதல் பெயிண்டில் 90 பிபிஎம்-க்கு மேல் ஈயம் கூடாது என்றார்கள். எந்தப் பெயிண்டில்? வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டில். பாலத்துக்கும் மதகுக்கும் அடிக்கிற தொழிற்சாலைப் பெயிண்டை அந்த விதி தொடவில்லை. வீட்டுச் சுவரை நக்கக்கூடிய குழந்தைக்குக் காப்பு வந்தது. வர வேண்டியதுதான். அந்தக் குழந்தைக்குப் பால் வாங்கப் பாலத்தில் தொங்குகிற அப்பனுக்கு வரவில்லை. அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு அதே ஈயம் அதே குழந்தையிடம் வீட்டுக்கு வந்துவிடும் என்று யாரும் யோசிக்கவில்லை.

இன்னொரு விசயம். தின்னர் இல்லாத எபாக்சி காற்றுக்கு நல்லது. பிசினும் கெட்டியாக்கியும் கையில் பட்டால் ஒவ்வாமை வந்து தோல் வெடிக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் வரும். பாலியூரித்தேன் மேல்பூச்சில் இருக்கிற ஐசோசயனேட் ஆஸ்துமா தரும். துத்தநாகத்தை உருக்கித் தெளித்தால் வருகிற புகை காய்ச்சல் கொடுக்கும். பழைய பூச்சை மணலடித்துச் சுரண்டினால் சிலிக்கா தூசி நுரையீரலைக் கல்லாக்கும். பிரிட்டன் 1949-லேயே வார்ப்பட வேலையில் மணலடிப்பதைத் தடை செய்துவிட்டது. ஆக, எவ்வளவு நல்ல பூச்சு வந்தாலும் அதற்கு முன்னால் பழைய விசத்தைச் சுரண்ட வேண்டும். புதுப் பூச்சின் டப்பாவில் பச்சை இலைப் படம் போட்டிருக்கும். சுரண்டின சிவப்புத் தூசிக்கு டப்பா கிடையாது, படமும் கிடையாது. சுற்றுச்சூழல் என்பதை ஆறு, கடல், காற்று, பறவை என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வேலை செய்கிறவனின் உடம்புதான் அந்த விசம் முதலில் நுழைகிற சூழல். அங்கே தொடங்காத எந்தச் சூழலியலும் பாதிதான்.

இதற்கு மூன்று மறுப்புகள் சொல்வார்கள். முதலாவது, ஏழை நாடு, நல்ல பூச்சு விலை அதிகம். பூச்சின் விலை என்றால் டப்பாவின் விலையை மட்டும் எண்ணுகிறார்கள். பெரியப்பாவின் வயிற்றுவலியை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? அந்தச் செலவை எங்கள் வீடு கட்டியது. மலிவு என்பது செலவு இல்லாமல் போவதில்லை, வேறு ஒருவன் தலையில் தள்ளுவது.

இரண்டாவது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவர்களாகத்தான் வந்தார்கள். எங்கள் மலைக்கு இந்த வாதம் பழக்கமானது. 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திர மாநிலம் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அவர்களும் 'தாங்களாக' போனவர்கள்தான். நிலமும் கூலியும் இருக்கிறவன் அந்தக் காட்டுக்குப் போவானா? எல்லா வழியையும் அடைத்துவிட்டு ஒரு வழியை மட்டும் திறந்து வைத்தால், அதில் நடப்பதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்கக் கூடாது.

மூன்றாவது மறுப்புதான் உண்மையில் கஷ்டமானது. நம் ஆட்களே சொல்வது. "முப்பது வருசம் நிக்கற பெயிண்டு வந்துட்டா, அஞ்சு வருசத்துக்கு ஒருவாட்டி வர்ற ஷட்டர் வேலையும் போயிடும். மிசின் வெச்சு அடிச்சா எங்க வயித்துல அடிச்ச மாதிரிதான்." இதைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. பசிக்கு முன்னால் மைக்ரான் பேசுவது நியாயமா? நானும் ரொம்ப நாள் யோசித்தேன். மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டங்கள் 1993-லும் 2013-லும் வந்தபோதும் இதே கேள்விதான் வந்தது. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று மகர்கள் சொன்னபோதும் வந்தது. வேலைக்கான உரிமையும் அந்த வேலையில் சாகாமல் இருக்கிற உரிமையும் ஒன்றுக்கு ஒன்று ஈடு கிடையாது. ஒன்றை விட்டால்தான் மற்றது என்று தராசு பிடிக்கிறவன் யார் என்று பார்க்க வேண்டும். நீண்டகாலம் நிற்கிற பூச்சால் மிச்சமாகிற பணம் யாருக்குப் போகிறது? அதில் ஒரு பங்கு இத்தனை காலம் சுரண்டியவர்களின் மருத்துவத்துக்கும், அவர்கள் பிள்ளைகளைப் பயிற்சி பெற்ற பூச்சு வல்லுனர்களாக ஆக்குவதற்கும் போக வேண்டும். வேலையை விட வேண்டியது நாங்கள் இல்லை, விசம்தான்.

இரும்பைக் காக்க இன்னொரு வழி இருக்கிறது. 1824-ல் இங்கிலாந்தில் ஹம்பிரி டேவி கண்டது. கப்பலின் செம்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துவிட்டால், செம்பு அரிக்காமல் சேர்த்த உலோகம் அரித்துக் கரையும். கடற்பாலத் தூண்களுக்கும் கப்பல்களுக்கும் இன்றும் இப்படித் துத்தநாகக் கட்டிகளைக் கட்டுகிறார்கள். ஜிங்க் பிரைமர் வேலை செய்வதும் இப்படித்தான். இதற்கு விஞ்ஞானம் வைத்த பெயரே பலியாகும் நேர்மின்வாய் என்பது. ஒன்று நிற்க ஒன்று பலி.

உலோகங்களில் எது முதலில் கரையும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அது இயற்கை. இரும்புக்கு முன்னால் துத்தநாகம் கரைவது அதன் குணம். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. சாதி என்ன செய்கிறது? மனிதர்களிலும் அப்படி ஒரு வரிசை இயற்கையாகவே இருக்கிறது என்று நம்ப வைக்கிறது. பலியாவது உன் குணம், உன் கர்மம், உன் இரும்பு உடம்பு என்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே இதன் வேரைப் பிடித்தார். சாதி வேலையை மட்டும் பங்கு போடவில்லை, வேலை செய்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது என்றார். அந்த அடுக்கில் இயற்கை எதுவும் கிடையாது. மனிதன் கட்டியது, மனிதன் பிரிக்கலாம். அதே அம்பேத்கர்தான் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். நாட்டின் ஆறுகளுக்கும் அணைகளுக்கும் திட்டமிட மத்திய நீர்வழி, பாசன ஆணையம் 1945-ல் உருவானது அவர் பொறுப்பில் இருந்தபோதுதான். தண்ணீரும் தொழிலாளியும் ஒரே மேசையில் இருந்த காலம் அது. பிறகு தண்ணீர் ஒரு துறைக்கும் தொழிலாளி இன்னொரு துறைக்கும் போய்விட்டார்கள். மதகில் தொங்குகிறவன் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாதவன் ஆகிவிட்டான்.

1948 தொழிற்சாலைச் சட்டம் ஈய நஞ்சையும் குரோம் புண்ணையும் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அணை தொழிற்சாலை இல்லையே! அமெரிக்காவில் 1993-ல் கட்டுமான வேலையில் ஈயத்துக்கென்று தனி விதி வந்தது. பாலத்தில் ஈயப் பெயிண்டைச் சுரண்டுகிறவனுக்கு ரத்தச் சோதனை, சுவாசக் கருவி, குளிக்கவும் உடை மாற்றவும் தனி இடம் என்று எழுதி வைத்தார்கள். அங்கேயும் அது சும்மா வந்திருக்காது, தொழிலாளர்கள் கேட்டு வாங்கியிருப்பார்கள்.

ஆகவே நான் சொல்கிற அறம் இதுதான். ஒரு பூச்சு நல்லதா கெட்டதா என்று அளக்கும்போது கடைசி ஆளிடமிருந்து தொடங்க வேண்டும். முதலில் சுரண்டுகிறவன், அப்புறம் பூசுகிறவன், அப்புறம் பக்கத்துச் சேரி, அப்புறம் மீன், ஆறு, கடல், எல்லோருக்கும் கடைசியாக இரும்பு. முதலில் விசத்தை மாற்று. மாற்ற முடியாததை மூடி வேலை செய். அதற்கும் பிறகுதான் முகமூடி. முதலிலேயே ஒரு முகமூடியைக் கையில் கொடுத்துவிட்டுப் பொறுப்பைக் கழுவிக்கொள்வது வெல்லக்கட்டி கொடுப்பதற்குச் சமம்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களும் இயக்கத் தோழர்களும் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மதகோ, பாலமோ, படகுத்துறையோ இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தீர்கள், அதில் ஈயம் உண்டா, குரோமேட் உண்டா, கோல்டார் உண்டா, சுரண்டின தூசியை எங்கே கொட்டினீர்கள், வேலை செய்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். பூச்சு 350 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்று டெண்டரில் ஒரு வரி எழுத இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பூசுகிறவன் ரத்தத்தில் ஈயம் ஏறக் கூடாது என்று அதற்குக் கீழே இன்னொரு வரி எழுத எவ்வளவு மை செலவாகிவிடும்?